முதல் கேமரா – கடிதம்

அன்புள்ள ஐயா,

குறும்படம் எடுக்க வேண்டும் என்பது ஐந்து வருட ஆசை. கதை தயார்: ஒரு வீடு, அம்மா, மகன், ஓர் இரவு. 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். இந்தப் பணத்துக்கு மிகத் தெளிவான 4கே வீடியோ எடுக்கும் கேமரா ஒன்றை வாங்கிவிடலாமா, இன்னும் சேர்த்து லட்ச ரூபாய் கேமராவாகவே வாங்கலாமா?

கே., கரூர்

அன்புள்ள கே.,

காத்திருக்க வேண்டாம். இருக்கிற பணம் முழுவதையும் கேமராவிலேயே கொட்டவும் வேண்டாம். கடிதத்தில் 4கே இருக்கிறது, மைக் இல்லையே!

கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்பி நான் ஒரு சமையலறைக் காட்சி எடுத்தேன். படம் பளிச்சென்று வந்தது. வசனத்தை மின்விசிறி தின்றுவிட்டது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மிக்ஸி. மறுபடி எடுக்கலாமென்றால் நடித்தவர் ஊருக்குப் போய்விட்டார். அதனால் கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் பக்கவாட்டு மூடியைத் திறந்து, வெளி மைக் செருக 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் (தனிப் படத்துக்கும்) ஒளி விழும் நேரம். அதை நாமே நிர்ணயிக்க முடிய வேண்டும். உங்கள் கதை இரவில், வீட்டுக்குள் நடக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமரா தானாக ஷட்டரை 1/60 நொடி என்று வைத்துக்கொண்டால் சுவரில் வெளிச்சம் அலையடிக்கும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று நிறுத்திவிட்டால் அடங்கிவிடும்.

4கே? நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முதல் படத்துக்கு அதைவிடத் தெளிவு குறைந்த 1080 (ஃபுல் எச்டி) தாராளம்.

50 எம்எம் லென்ஸ் வாங்கச் சொல்லிப் பலரும் நச்சரிப்பார்கள். நல்ல லென்ஸ்தான். ஆனால் ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு) அது 75 எம்எம் போல நெருக்கிக் காட்டும். சின்னச் சமையலறையில் பின்னால் நகர இடமிருக்காது, முதுகு சுவரில் முட்டும். கேமராவோடு கூடவே வரும் 18-55 எம்எம் லென்ஸ் போதும், 18-இல் அகலமாகக் காட்டும்.

பயன்படுத்திய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்றை 40,000 ரூபாய்க்குள் தேடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இருபது நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்து பாருங்கள்; சூடேறி அணைகிற கேமரா அங்கேயே பிடிபடும். மீதிப் பணம் மைக், முக்காலி, இரண்டாவது பேட்டரிக்கு.

படப்பிடிப்பன்று மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பிரிட்ஜையும். வியர்த்துக் கொட்டும். அம்மாவாக நடிப்பவருக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.