ரொயோட்டா 86க்கு நல்ல பாட்டுச் செற் போட எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஜப்பானில் இருந்து வந்த பழைய ரொயோட்டா 86 ஒன்று வாங்கியிருக்கிறாராம். நான்கு லட்சம் ரூபாய்க்குள் திறமான ஒலி வேண்டும், எத்தனை வோட்ஸ் அம்ப்ளிபயர் எடுக்கலாம் என்பது கேள்வி.

என்னிடம் இருப்பதும் அதே கார்தான், 2013ஆம் ஆண்டினது. இரண்டு தரம் செற் பூட்டினேன். முதல் தரம் போட்ட காசு முழுக்க வீண், ஏனென்றால் நானும் வோட்ஸில்தான் தொடங்கினேன்.

பெட்டியில் 1200 வோட்ஸ் என்று அடித்திருந்த அம்ப்ளிபயர் ஒன்று, டிக்கியில் தாழ்ந்த ஓசைக்கென்று 12 அங்குல சப்வூபர் ஸ்பீக்கர். பூட்டியவர் சத்தத்தைக் கூட்டிக் காட்டினார். பக்கத்துக் கடைக் கண்ணாடி அதிர்ந்தது, எனக்கும் புளுகம். அன்றிரவு ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை ஓடிப் பார்த்தேன். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டால், தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் மட்டும் டிக்கிக்குள் கிடந்து 'தொம் தொம்' என்கிறது. வலந்தலையில் விரல் விழும் சத்தத்தைக் காணவில்லை. நாதஸ்வரக்காரர் என் வலப்பக்கக் கதவுக்குள் ஒளிந்திருந்து ஊதுகிறார். காரை மிதித்தால் எஞ்சினோடு சேர்ந்து ஸ்பீக்கரும் கூவுகிறது.

இந்தக் காரே சத்தமாக இருக்க வேண்டும் என்று செய்த கார். எஞ்சின் காற்றிழுக்கும் ஓசையை ஒரு குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது போதாதென்று ரயர் இரைச்சலும் சேரும். அதற்கு மேலால் பாட்டு ஏற வேண்டும். அம்ப்ளிபயரின் வலுவை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடினது போலத் தெரியும், அவ்வளவே. ஆகவே சத்தத்தைக் கூட்டுவதற்கு முதல் இரைச்சலைக் குறைக்கப் பாருங்கள்.

கதவில் தொடங்குங்கள். வெளித்தகட்டின் உட்பக்கத்தில் பியூட்டைல் ரப்பர் தாள் ஒட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் தார்த்தாள் வேண்டாம். சித்திரை வெயிலில் காரை நிறுத்திவிட்டுப் போனால் அது இளகி வழுகும், மணமும் போகாது. பிறகு உட்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை அடையுங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கத்தால் வருகிற ஒலி அந்த ஓட்டைகளால் முன்னுக்கு வந்து முன்பக்க ஒலியோடு மோதி பாஸை, அதாவது தாழ்ந்த ஓசையை, தின்றுவிடும். நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் 'தகரச் சத்தம்' என்று சலிக்கிறவர்கள் கதவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களை மட்டும் தொடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கண்ணாடி வழியே இறங்குகிற தண்ணீருக்கு வேறு வழி இல்லை. அதே காரணத்தால் ஸ்பீக்கருக்கு எம்டிஎஃப் எனும் அமுக்கிய மரத்தூள் பலகையில் வளையம் வெட்டுவதும் சரிவராது. என்னுடையது ஒரே மாரியில் ஊதிப்போய் ஆணி பிடியாமல் போனது. கெட்டியான பிளாஸ்ரிக் வளையம் போடுங்கள். இந்தக் காரின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டமும் இல்லை, கழற்றிப் பூட்டும்போது வடிவாகப் பார்த்து இருத்த வேண்டும்.

அடுத்தது உங்கள் காது. நாங்கள் வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறோம். நான் நாடா வைத்து அளந்தேன்: காதிலிருந்து வலது ஸ்பீக்கர் 95 சென்றிமீற்றர், இடது 137. வித்தியாசம் 42. எங்கள் வெக்கையில், 35 பாகையில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 352 மீற்றர் போகும். அப்படியானால் இடப்பக்க ஒலி 1.2 மில்லிசெக்கன் பிந்தி வருகிறது. மூளைக்கு அது போதும், எல்லாவற்றையும் வலக்கதவில் கொண்டுபோய் இருத்திவிடும். டிஎஸ்பி, அதாவது ஒலியைக் கணக்குப் போட்டுத் திருத்தும் சிப், உள்ள அம்ப்ளிபயரில் வலது ஸ்பீக்கரை அந்த 1.2 மில்லிசெக்கன் பிந்த வைத்தேன். நாதஸ்வரக்காரர் கதவிலிருந்து எழும்பி டாஷ்போர்டின் நடுவில் வந்து இருந்துவிட்டார்! இரண்டாம் தரம் செலவழித்ததில் எனக்கு மிகவும் பிடித்த காசு இதுதான். ஆனால் ஓட்டுகிறவருக்குச் சரி செய்தால் பக்கத்து இருக்கைக்குப் பிழைக்கும். வீட்டில் வழக்கு வந்தது. இப்போது இருவருக்கும் பொதுவாக இன்னொரு அமைப்பையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

வோட்ஸ் கேட்டீர்கள். ஒரு சனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழிக்கு) ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வலு, 50 முதல் 75 வோட்ஸ் வரை இருந்தால் தாராளம். பெட்டியில் அடித்திருக்கும் எண்ணை நம்பாமல் அம்ப்ளிபயரின் பியூஸைப் பாருங்கள். என் பழைய '1200 வோட்ஸ்' பெட்டியில் இருந்தது 25 அம்பியர் பியூஸ். 25ஐ 13.8 வோல்ற்றால் பெருக்கினால் 345. உள்ளே போவதே அவ்வளவு என்றால் வெளியே 1200 எங்கிருந்து வரும்?

வயரிலும் ஏமாந்தேன். செம்பு என்று போட்டுத் தந்தது, செம்பு முலாம் பூசிய அலுமினியம். பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தடிப்பு ஒன்றாக இருந்தாலும் மின்தடை கூட, எங்கள் உப்புக்காற்றில் முனையும் பூத்துப்போகும். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்டவர் என் அப்பா. சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் இழுபடுமாம். இந்த வயர் கதையைச் சொன்னதும், "பிறகென்ன, உன்ர காரும் களைச்சுப்போச்சு" என்றார். முழுச் செம்பில் 4 கேஜ் தடிப்புள்ள வயர் எடுங்கள். பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசி ஷோர்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். கூவல் சத்தத்துக்குக் காரணம், பெயின்ரைச் சுரண்டாமல் ஆணியில் எர்த் பிடித்தது. றேடியோவிலிருந்து அம்ப்ளிபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரையும் பவர் வயரையும் ஒரே பக்கத்தால் இழுத்ததும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் மாற்றியதும் நின்றுவிட்டது.

சப்வூபர் 8 அல்லது 10 அங்குலம், அடைத்த பெட்டியில். சின்னக் கார் அறை தாழ்ந்த ஓசையைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதற்கு, மேலே கதவு ஸ்பீக்கருக்கு என்று பிரித்துவிடுங்கள். பின் இருக்கையை மடித்துவிட்டு ஓடும்போது பாஸ் கூடிவிடும், சரிப்படுத்தும்போது அதையும் யோசியுங்கள்.

ஜப்பான் றேடியோ கூடவே வந்திருந்தால் அதை மாற்ற வேண்டிவரலாம். அவர்களுடைய எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் முடியும், அல்லது 95 வரை போகும். எங்கள் வானொலிகள் 108 வரை பரந்து கிடக்கின்றன.

காசைப் பிரிப்பதென்றால் கதவு வேலைக்கும் வயருக்கும் ஒரு லட்சம், டிஎஸ்பி அம்ப்ளிபயருக்கு ஒன்றரை, முன் ஸ்பீக்கருக்கு ஒன்று, மிச்சம் சப்வூபருக்கு என்று வைப்பேன். சாமானைக் கொழும்பில் எடுத்தாலும் பூட்டுவது இங்கேயே இருக்கட்டும், இரண்டு மூன்று தரமாவது திரும்பப் போக வேண்டிவரும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. இந்தச் சனிக்கிழமை தாள் வாங்கி ஒரு கதவை மட்டும் முடியுங்கள். மற்றதைத் தொட வேண்டாம். இரண்டையும் ஒருக்கால் விரலால் தட்டிப் பாருங்கள், பிறகு மற்றக் கதவுக்கும் தாள் வாங்கப் போவீர்கள்.