நாயக்கிலிருந்து ஆபீசர்: ஏசிசி எழுதலாமா?

வணக்கம் தம்பி. 26 வயது, ராணுவத்தில் நாயக், பிளஸ் டூ பாஸ். சிப்பாய்கள் ஆபீசராக வழிவிடும் ஏசிசி (ஆர்மி கேடட் காலேஜ்) தேர்வை எழுதுவதா, அடுத்த பதவியான ஹவில்தார் புரமோஷனுக்குக் காத்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே எழுதுங்கள். அதற்கு வயது வரம்பு 27; புரமோஷன் கேடர் (பதவி உயர்வுக்கான பயிற்சி) அப்புறமும் வரும்.

தேர்வானால் டேராடூனில் 3 வருடம் பட்டப்படிப்பு, பிறகு ஐஎம்ஏவில் (இந்திய ராணுவ அகாடமி) 1 வருடம். எழுத்துத் தேர்வைத் தாண்டும் நம் ஆட்கள் பலர் எஸ்எஸ்பியில்தான் சறுக்குகிறார்கள். ஆபீசர் ஆகத் தகுதி உண்டா என்று பார்க்கும் 5 நாள் நேர்முகத் தேர்வு அது. முதல் நாளே மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி, 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அப்புறம் அதைக் குழுவில் பேச வேண்டும். உத்தரவுக்குக் காத்திருந்தே பழகியவர்கள் அங்கே வாய் திறப்பதில்லை. நீங்களோ செக்‌ஷனில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர். அதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆங்கிலத்தைத் தினமும் பேசிப் பழகுங்கள்.

இது கிடைக்காவிட்டாலும் 28 முதல் 35 வயது வரை எஸ்சிஓ (ஸ்பெஷல் கமிஷன்ட் ஆபீசர்) வழி இருக்கிறது. ஆபீசர் ஆகாமல் புரமோஷனிலேயே சுபேதார் ஆவதும் சின்னக் கனவு இல்லை; புது லெப்டினன்ட் கம்பெனியைப் புரிந்துகொள்வதே சுபேதார் சாப் வழியாகத்தான்.

ஏசிசி விண்ணப்பம் சிஓ (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) பரிந்துரையோடு போக வேண்டும். நாளைக்கே கம்பெனி கமாண்டரிடம் இன்டர்வியூ (நேரில் பேச நேரம்) கேளுங்கள்.