வாந்தி மாத்திரை: பொடி எழுத்தைப் படித்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குமட்டலும் வாந்தியும்தான். பிராண்டு பெயரை மட்டும் எழுதி அனுப்பியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கே: பஸ் ஏறினாலே குமட்டல். ஒண்டான்செட்ரான் போட்டும் நிற்கவில்லையே?

ப: நிற்காது. உடம்பில் சேதி சொல்லும் செரட்டோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதம் போலக் குடலில்தான் இருக்கிறது. கெட்டுப்போன சாப்பாடோ புற்றுநோய்க்கான கீமோ மருந்தோ குடல் சுவரைச் சீண்டினால் அது கொட்டும்; வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகும். ஒண்டான்செட்ரான் மறிப்பது அந்தச் சேதியை. உங்கள் தொல்லை உள்காதிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பாதையில் ஓடுவது ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு ரசாயனங்கள். அதற்கு ப்ரோமெத்தசின், மெக்லிசின், ஹையோசின் வகை வேண்டும். அதையும் வண்டி கிளம்ப அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்தபின் இரைப்பை எதையும் கீழே தள்ளாது. தூக்கம் வரும், ஸ்டியரிங் பிடிப்பவர் தொடக்கூடாது.

கே: அலமாரியில் சின்ன வெள்ளை வாந்தி மாத்திரை ஒன்று இருக்கிறது. பெயர் இருந்த பக்கம் கிழிந்துவிட்டது. போடலாமா?

ப: குப்பைத்தொட்டியில் போடலாம்.

கே: மாத்திரை விழுங்கியதும் வாந்தி. மறுபடி போட வேண்டுமா?

ப: கால் மணிக்குள் என்றால், அதிலும் மாத்திரை முழுசாக வெளியே வந்தது கண்ணில் பட்டால், ஒண்டான்செட்ரானை மறுபடி போடலாம். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் வேண்டாம். இந்தக் கணக்கை இதய மாத்திரைக்கும் வலிப்பு மாத்திரைக்கும் நீங்களாக நீட்டாதீர்கள்.

கே: எட்டு மாதமாகத் தினம் காலையில் ஒரு கேஸ் மாத்திரை. வேறு மருந்தே கிடையாது. நான் கர்ப்பமில்லை, ஆனால் மார்பில் பால் கசிகிறது. பயமாக இருக்கிறது.

ப: பயம் நியாயம். "வேறு மருந்தே கிடையாது" என்பதுதான் நியாயமில்லை. நீங்கள் அனுப்பிய அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு 30 மி.கி. டோம்பெரிடோனும் இருக்கிறது. அது வாந்தி மருந்து. எட்டு மாதமாக வாந்தியே இல்லாமல் வாந்தி மருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள்.

டோம்பெரிடோன், டோப்பமின் என்ற இன்னொரு சேதி ரசாயனத்தை மறிக்கும். இரைப்பை சுறுசுறுப்பாகக் காலியாகும், குமட்டல் அடங்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள வேலியைத் தாண்டி அதிகம் நுழையாது என்று அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்த வேலிக்கு வெளியே இருக்கிறது. அங்கே பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கி வைத்திருப்பதே டோப்பமின்தான். அதை மறித்தால் புரோலாக்டின் ஏறும். பால் கசியும், மாதவிலக்கு தப்பும். ஆண்களுக்கும் மார்பு வீங்கும்.

இதயம் இன்னொரு சங்கதி. இ.சி.ஜி.யில் கியூ.டி. என்ற இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்சாரம் எழுந்து அடங்கும் நேரம், நீளும், அபூர்வமாகத் துடிப்பே தாறுமாறாகும். 60 வயது தாண்டியவர்கள், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோ கூடச் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஐரோப்பாவில் 2014-இலேயே வேளைக்கு 10 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் அனுமதியே இல்லை. இங்கே ஒருவர் அதைப் பல் துலக்குவது மாதிரி தினம் செய்கிறார்!

எழுதிக்கொடுத்தவரிடம் போய், டோம்பெரிடோன் சேராத மாத்திரை போதுமா என்று கேளுங்கள். புரோலாக்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தியும் கசிவு நிற்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். பொடி எழுத்து, பொடி எழுத்து என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

கே: மெட்டோகுளோப்ரமைட் ஊசி போட்ட தங்கைக்குக் கழுத்து இழுத்துக்கொண்டது. வலிப்பா?

ப: நினைவு தெளிவாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வலிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வாந்தி மருந்து மூளைக்குள் நுழைந்து டோப்பமினை மறிக்கும். இள வயதினரிடம் இந்த இழுப்பு அதிகம். இரவு டூட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன்: கழுத்து தோளோடு முறுக்கி, விழி மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளி, ஆனால் கேட்டதற்கெல்லாம் கையை அசைத்துப் பதில். மாற்று ஊசி போட்டு இருபது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். தங்கையின் மருத்துவச் சீட்டில் இந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

கே: ஏழாவது வாரம், மசக்கை தாங்கவில்லை. மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா?

ப: டாக்ஸிலமினும் பி6-உம் சேர்ந்த மாத்திரையைத்தான் வழக்கமாக முதலில் தருவார்கள். ஊனம் வரும் என்ற வழக்குகளால் 1983-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. ஆய்வுகள் அந்தக் குற்றச்சாட்டை ஆதரிக்கவில்லை. 2013-இல் மறுபடி அனுமதி கிடைத்தது. ராத்திரி போட்டால் காலையில் வேலை செய்யும்படி மெதுவாகக் கரைவது, ஆகவே பொடிக்காதீர்கள். தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

கே: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அண்ணனின் ப்ரோமெத்தசின் சிரப் மிச்சம் இருக்கிறது, கொடுக்கட்டுமா?

ப: கூடாது. இரண்டு வயதுக்குள் அது மூச்சையே அடக்கிவிடலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி பச்சையாக வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

கே: ஒண்டான்செட்ரான் போட்டு மூன்று நாள். வாந்தி நின்றது, மலமும் நின்றது.

ப: இரண்டுக்கும் அதே மாத்திரைதான். வாந்தி நின்ற பிறகும் எதற்கு விழுங்குகிறீர்கள்?