மட்டக்குதிரை வளர்க்க அரச உதவி கிடைக்குமா?

சண்டிலிப்பாயிலிருந்து எழுதிய வாசகர் ஒருவரிடம் 24 பரப்புத் தோட்டக் காணி இருக்கிறது. அயர்லாந்தில் மட்டக்குதிரை வளர்ப்பவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுப்பதாக அங்கே வாழும் மைத்துனர் சொன்னாராம். நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளில் நான்கைந்தைக் கொண்டுவந்து இனம்பெருக்கி, குதிரையேற்றம் பழக்கும் தொழிலாக நடத்த விரும்புகிறார். இதற்கு இலங்கையில் மானியம் பெற வழியுண்டா என்பது அவருடைய கேள்வி.

நெடுந்தீவு எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காவுக்குள் விலங்கைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம் என்னும்போது, அதை வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவானில் இறக்குவதைப் பற்றிப் பேச இடமில்லை. கோடையில் தண்ணீரின்றி அவை மடியும் செய்தியைப் படிக்கும்போது நாமாவது கொண்டுவந்து வளர்க்கலாமே என்று தோன்றுவது இயல்புதான். அந்த அக்கறையைத் தீவிலேயே நீர்த்தொட்டி அமைப்பவர்களுக்கு உதவுவதில் காட்டலாம்.

மைத்துனர் சொன்னது பாதி உண்மை. அயர்லாந்தில் பந்தயக் குதிரைக்கான அரச நிதி தனி. 2001 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த நிதியத்தில் 80 வீதம் குதிரைப் பந்தயத்துக்கும் 20 வீதம் நாய்ப் பந்தயத்துக்கும் போகிறது. தடைதாண்டல் போன்ற போட்டிகளுக்கான குதிரைகளுக்கும் மட்டக்குதிரைகளுக்கும் உரிய உதவியை விவசாய அமைச்சு, இனப்பதிவேடுகளை (குதிரைகளின் பரம்பரையைக் குறித்துவைக்கும் பதிவேடுகளை) பேணும் அமைப்புகளின் ஊடாக வழங்கிவந்திருக்கிறது. அந்தப் பணம், குதிரை வாங்குவதற்காக வளர்ப்பவரின் கையில் கொடுக்கப்படுவதன்று. பெண் குதிரைகளைத் தரம் பார்ப்பது, குட்டியின் தாய் தந்தையை மரபணுச் சோதனையால் உறுதிசெய்வது, பரம்பரை நோய்களைக் கண்டறிவது போன்ற வேலைகளுக்கே அது செலவாகிறது. காரணம் எளிது. 1923 இல் தொடங்கிய வளர்ப்போர் சங்கத்தின் பதிவேட்டில் வரும் கனமாரா என்னும் அயர்லாந்து மட்டக்குதிரை இனத்தில், குளம்பின் வெளிச்சுவர் பிளந்து உரியும் ஒரு பரம்பரை நோய் உண்டு. தாயும் தந்தையும் வெளித்தோற்றத்தில் நலமாக இருந்தபடியே அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கண்ணால் பார்த்து இதைத் தவிர்க்க முடியாது. சோதனையும் பதிவேடும் இருந்தால் தவிர்க்கலாம். அரசு முதலிடுவது அந்தப் பதிவேட்டில்தான் என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

குதிரை வளர்க்க 50 வீத மானியம் உண்டென்று தமிழ்நாட்டுக் காணொளிகளில் சொல்லப்படுவதும் உண்மையே. 2024 பெப்ரவரியில் இந்திய அரசு தேசிய கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் சேர்த்து, தொழில் தொடங்குவோருக்கு 50 இலட்சம் இந்திய ரூபாய் வரை மூலதன மானியம் அறிவித்தது. ஆனால் அது இந்தியாவில் நடக்கும் முயற்சிகளுக்கானது, உங்களுக்குப் பயன்படாது.

இங்கே கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் உதவிகள் மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தவை. ஆகவே ‘குதிரை இனப்பெருக்கம்’ என்ற தலைப்பில் விண்ணப்பம் எழுதுவது, எனது அபிப்பிராயத்தில், தவறான கதவைத் தட்டுவதாகும். சுற்றுலா சார்ந்த சிறுதொழில் முயற்சியாக, குதிரையேற்றப் பயிற்சியை முன்னிறுத்தித் திட்ட அறிக்கையைத் தயாரித்து வங்கியை அணுகுங்கள். இனப்பெருக்கத்தை மட்டும் காட்டினால் வங்கி முகாமையாளர் கேட்கப்போகும் முதற் கேள்விக்கே பதில் இருக்காது: குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள், பிறந்த குட்டி முதுகில் ஆளைச் சுமக்க மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும், கடன் தவணையோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். பழக்கப்பட்ட இரண்டு குதிரைகளை, அவற்றில் ஒன்றாவது பெண்ணாக இருக்கும்படி, உள்நாட்டிலேயே வாங்கிப் பயிற்சி வருமானத்தில் தொடங்குவதே பொருந்தும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாயின், 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

வாங்கும் நாளிலேயே ஒரு பதிவுக் கொப்பியைத் திறந்து, நெற்றிச் சுழி, கால் வெள்ளை முதலிய அடையாளங்கள், படங்கள், விற்றவரின் கடிதம், தடுப்பூசி, பூச்சி மருந்து கொடுத்த திகதி, பின்னர் இணைசேர்த்த திகதி என எல்லாவற்றையும் எழுதி, உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியரிடம் கையொப்பம் பெற்று வாருங்கள். நாளைக்கு ஒரு திட்டம் வந்தால் அதற்குத் தகுதி காட்டப்போவது அந்தக் கொப்பிதான்.

செலவுக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வரை உலர் தீவனமும், வெயில் காலத்தில் 20 லீற்றருக்குக் குறையாத நல்ல தண்ணீரும் வேண்டும். கிணறு உவராக இருந்தால் தண்ணீரும் ஒரு செலவாகிவிடும். வேலியில் நிற்கும் கிளிசிரிடியாவும் இபில் இபிலும் ஆட்டுக்குத் தீவனம், குதிரைக்கு நஞ்சு; இபில் இபில் தின்ற குதிரையின் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். எனவே தீவனத்துக்கான தொகையை ஆட்டுப் பண்ணை அறிக்கையொன்றிலிருந்து எடுத்துப் போடாமல், புல்லை விலைக்கு வாங்குவதாகவே கணக்கிடுங்கள்.