அப்பாவின் கதையில் அம்மா எங்கே?

கேள்வி: அப்பாவுக்கு 73 வயது. ஊட்டி எச்.பி.எஃப். (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு எங்களோடு ஃபிங்கர்போஸ்ட் பக்கம் இருக்கிறார். காலை காபியில் ஆரம்பித்தால் படுக்கும் வரை பழைய கதைதான். இருட்டறையில் பிலிம் செய்தது, சேரன் பஸ், இலங்கை வானொலி, 1978 நவம்பர் மழையில் மண்சரிந்து பஸ் நின்றுபோனபோது காந்தலிலிருந்து ஷிஃப்டுக்கு நடந்தே போனது. ஒன்பதாவது படிக்கும் என் மகன் எழுந்து போய்விடுகிறான். எனக்கும் எரிச்சல் வருகிறது. நான் 1979 மார்ச்சில் பிறந்தவள், எண்பதுகள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் வெடித்த கைகள்தான் முதலில் ஞாபகம் வரும். அப்பா சொல்லும் கதைகளில் அம்மாவே இல்லை. போன டிசம்பரில் ‘அந்தக் காலம் மாதிரி’ என்று படுக்கை அறைக்குள் கரி அடுப்பு மூட்டினார், பெரிய சண்டையாகிவிட்டது. இது ஏதாவது நோயா? எப்படி நிறுத்துவது?
– பெயர் வேண்டாம், ஊட்டி.

பதில்: அன்புச் சகோதரி,

முதலில் கரி அடுப்பு. மற்ற எதையும் பொறுமையாகப் பேசலாம், இதை மட்டும் முடியாது. கதவு சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் வரும், தூங்கியவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். மலையில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்து இறந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் நீங்களே படித்திருப்பீர்கள். “நாங்கள் வைக்கவில்லையா?” என்று அப்பா கேட்பார். வைத்தார்கள்தான். ஆனால் அந்த வீடுகள் பலவற்றில் புகைபோக்கி இருந்தது, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருந்தது, பலகைச் சன்னல் ஒருநாளும் முழுசாகச் சாத்திக்கொண்டதில்லை. இன்றைய கான்கிரீட் அறையில் கண்ணாடிச் சன்னலை இழுத்துச் சாத்தினால் அந்தக் காற்று எங்கே போகும்? அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு ரசாயனம் புரியும். கணப்புக்கு உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் வாசலில் திறந்த வெளியில் மூட்டி எல்லோருமாகச் சுற்றி உட்காருங்கள், உள்ளே கொண்டு வரவே கூடாது. அறைக்கு மின்சார ஹீட்டர், படுக்கைக்கு வெந்நீர்ப் பை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். பழையதைப் பேசுவது மட்டும் நோய் ஆகாது. மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் மிக அழுத்தமாகப் பதிந்திருக்கும் என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் பலருக்கு அதற்குள்தானே வருகின்றன. வயதானவர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இயல்பானது, அவசியமானதும்கூட என்று ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இலேயே எழுதினார். அதுவரை அதைப் புத்தி தளர்ந்த அடையாளமாகவே பலர் நினைத்திருந்தார்கள்.

ஆனால் சிலவற்றைக் கவனியுங்கள். சொன்ன கதையையே பத்து நிமிடத்தில் சொன்ன நினைவு இல்லாமல் மறுபடி சொல்கிறாரா, பழகிய வழியில் திரும்பி வரத் தடுமாறுகிறாரா, சில்லறை எண்ணக் குழம்புகிறாரா, காலையில் சாப்பிட்டதை மறக்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நேற்று நடந்ததும் சரியாக நினைவிருந்து, நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையை விரும்பிச் சொல்கிறார் என்றால் பயப்பட வேண்டியதில்லை. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா போன பிறகு சரியாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வெளியே போகிறாரா என்று. துக்கமும் சில பேரிடம் ஓயாத பேச்சாக வெளிப்படும்.

நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு என் பதில், நிறுத்தாதீர்கள். இப்போது அவர் சொல்கிறார், நீங்கள் “ம்” போடுகிறீர்கள், பையன் எழுந்து போகிறான். யாரும் எதுவும் கேட்காததால் கதை ஒரே தடத்தில் ஓடுகிறது. கேள்வி கேட்டால் அது நகரும்.

அதிலும் உங்கள் அப்பாவிடம் கேட்க எவ்வளவு இருக்கிறது! 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த தொழிற்சாலை அது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் இந்தியா முழுக்கப் போயின. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலாவது யாருக்காவது எலும்பு முறிந்து எக்ஸ்ரே எடுத்தால் அது இந்துநகரில் செய்த பிலிமாக இருந்திருக்கலாம், உங்கள் அப்பா கைபட்டதாகவே இருந்திருக்கலாம். வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, அதை மெல்லிய பிலிமின் மேல் சீராகப் பூச வேண்டும், வெளிச்சம் படக்கூடாது, ஒரு தூசு விழக்கூடாது. அதை இருட்டில் செய்தார்கள். இருட்டில் எதிரே வருகிறவர் மேல் மோதாமல் எப்படி நடந்தீர்கள், ஷிஃப்டு முடிந்து வெளியே வந்ததும் கண் கூசியதா, பூச்சு சரியில்லை என்று எப்போது தெரியும், அந்த ஜெலட்டின் எதிலிருந்து வந்தது? (எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் என்று அவர் சொல்லும்போது உங்கள் பையன் முகத்தைப் பாருங்கள்.) தொண்ணூறுகளில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பிறகு மூடப்பட்ட இடம். அந்த வேலை இன்று ஊட்டியில் இல்லை, அதைக் கையால் செய்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறார், எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி. ‘கதைகளில் அம்மாவே இல்லை.’

உங்கள் எரிச்சலுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 1978 நவம்பரில் அவர் மழையில் நடந்தே வேலைக்குப் போனார், அது பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் பிறந்தது 1979 மார்ச். அப்படியென்றால் அந்த நவம்பரில் உங்கள் அம்மா மாசமாக இருந்திருக்கிறார். ஐந்தாறு மாத வயிற்றோடு, கீழேயிருந்து லாரி வராமல், அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு அவர் காந்தலில் தனியாக இருந்திருப்பாரே, அந்தக் கதை எங்கே? அதை அப்பாவிடமே கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம். “அன்னிக்கு நீங்க திரும்பி வந்தப்ப அம்மா என்ன பண்ணிட்டு இருந்தாங்கப்பா?” என்று கேளுங்கள், போதும். அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம், அவர் வேலைக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று அந்தக் காலத்து ஆண்களில் பலருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும், அதைச் சொன்னால் உடைந்துவிடுவோம் என்று சுற்றி வளைத்துப் போகிறவராக இருக்கலாம். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

அதற்கு மேல் உள்ளதை நீங்கள் சொல்ல வேண்டும். எண்பதுகள் அப்பாவுக்கு மட்டும் சொந்தமில்லை. நானும் குன்னூரில் அதே வருடங்களில் வளர்ந்தவள், மழைக்காலத்தில் ஒரு துணியைக் காயவைக்க என் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்கள் ஊட்டிக்கு ஜூன், ஜூலை என்றால் எங்களுக்கு அக்டோபர், நவம்பர். வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. அடுப்புத் தணல் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பள்ளிக்கூட யூனிஃபார்மை ஒவ்வொன்றாகப் பரப்பி, கருகாமல் திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசியில் புகை நாற்றத்தோடு நாங்கள் பள்ளிக்குப் போவோம். ஈர விறகு பற்றாது, ஊதி ஊதிக் கண் சிவக்கும். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நின்றது அம்மாக்களும் பிள்ளைகளும்தான். டிசம்பரில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும் காலையில் பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் கையை அறுக்கும், வெடிப்பில் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதோடு சரி. அது அழகான காலம் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அழகாகவும் இருந்தது. மழைக்கு வர்க்கியைச் சுடு டீயில் தோய்த்துச் சாப்பிட்டதும், அம்மா ராத்திரி உட்கார்ந்து பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரும் எனக்கும் பிடித்த நினைவுகள்தான். அந்த ஸ்வெட்டரைப் பின்னின கை வெடித்த கை என்பதையும் சேர்த்துத்தான் நான் சொல்வேன்.

நீங்களும் அப்படிச் சொல்லுங்கள், அப்பாவுக்கு எதிரே, உங்கள் பையன் இருக்கும்போது. அவர் சேரன் பஸ் கதையை எடுத்தால், அந்த பஸ்ஸுக்கு அவர் சரியான நேரத்தில் கிளம்ப அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார் என்று நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அவருக்குச் சுருக்கென்று இருக்கும். பரவாயில்லை. அப்பா ஒருவரின் கதையாக இருப்பது இருவர் கதையாக மாறக் கொஞ்ச நாள் ஆகும்.

பையனைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் பழைய போட்டோவும் நெகட்டிவும் நிச்சயம் இருக்கும், பிலிம் தொழிற்சாலைக்காரர் வீட்டில் இல்லாமலா? தாத்தாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அவன் போனில் படம் எடுக்கட்டும், யார், எந்த இடம், எந்த வருடம் என்று கேட்டுக் கேட்டுப் போட்டோவின் பின்பக்கம் எழுதட்டும். பென்சிலால், அழுத்தாமல், பால்பாயின்ட் பேனா வேண்டாம். ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பத்தில் இருந்தால் மெதுவாகக் கழற்றிக் காகித உறையில் போட்டுவிடுங்கள், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். நம் மலை ஈரத்தில் நெகட்டிவில் பூஞ்சை பிடிக்கும், அதற்கு என்ன செய்வது என்று உங்கள் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் தெளிவாக இருக்க, எண்பதுகளில் எடுத்த கலர் படங்கள் சிவந்து வெளுத்துப் போயிருப்பது ஏன் என்றும் கேட்கட்டும். வெள்ளிக்கும் சாயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொல்லிக் கொடுப்பார். அம்மா இருக்கும் படங்களை முதலில் எடுத்துச் செய்யுங்கள். பல வீடுகளில் அவை குறைவாகத்தான் இருக்கின்றன.