அடைமொழியைக் கழற்றுங்கள்: வாசிப்பும் எழுத்தும், கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்கு, கட்டுரைகளைச் செப்பம் செய்யும் ஒருவர் பதில் சொல்கிறார்.

காட்பாடி மாணவி: சார், என் கட்டுரை சப்பென்று இருக்கிறதாம். வலிமையான சொற்களுக்குப் பட்டியல் ஏதாவது உண்டா?

கிடையாது. நீங்கள் அனுப்பிய பத்தியில் முதல் நான்கு வரிக்குள் 'மாபெரும்', 'மிகவும்', 'அளப்பரிய' மூன்றும் வந்துவிட்டன. அடைமொழி கொழுத்தால் பெயர்ச்சொல் இளைக்கும். வேலையை வினைச்சொல்லிடம் கொடுங்கள். 'ஆய்வினை மேற்கொண்டார்' என்பதில் 'மேற்கொண்டார்' சும்மா நிற்கிறது, 'ஆராய்ந்தார்' போதும். 'முடிவு எடுக்கப்பட்டது' என்றால், எடுத்தது யார்? 'பட்டது' வருகிற இடத்தில் ஆள் ஒளிந்துகொள்கிறார். வெளியே இழுங்கள்.

அடுத்தது சொல் நிற்கும் இடம். தமிழில் வினை கடைசியில் வருகிறது; அதற்குச் சற்று முன்னால் நிற்கும் சொல்லில்தான் காது தங்கும். '1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்' என்றால் கனம் சிப்பாய்கள் மேல். 'வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் 1806இலேயே கிளர்ந்தெழுந்தார்கள்' என்றால் ஆண்டு பேசுகிறது. 1857 பெருங்கிளர்ச்சிக்கு 51 ஆண்டு முன்பே என்று நீட்டி முழக்கத் தேவையில்லை. ஓர் ஏகாரமும் இடமாற்றமும்தான் செலவு.

செய்முறை இது. கட்டுரையைத் தாளில் எடுத்து வினைச்சொல் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுங்கள். 'உள்ளது', 'விளங்குகிறது', 'மேற்கொள்ளப்பட்டது' வகையறா பாதியைத் தாண்டினால் அந்த வாக்கியங்களைத் திரும்ப எழுதுங்கள். பிறகு அடைமொழி அத்தனையையும் அடித்துவிட்டு உரக்கப் படியுங்கள். எங்கே பொருள் குறைகிறதோ அங்கே மட்டும் திருப்பி வையுங்கள். 'சென்று, பார்த்து, அறிந்து, வியந்து' என்று வினையெச்சம் மூன்றைத் தாண்டினால், வாசிக்கிறவருக்கு எழுவாய் மறந்துபோகும். மூன்றாவதிலேயே வாக்கியத்தை முடித்துவிடுங்கள்.

குடியாத்தம் மாணவர்: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

நூலகத்தில் நின்றபடியே மூன்று புத்தகங்களில் முதல் 10 பக்கம் படியுங்கள். பதினோராவது பக்கத்தை எது புரட்ட வைக்கிறதோ அதை எடுத்து வாருங்கள்.

ராணிப்பேட்டை மாணவி: ஆங்கில வழியில் படித்தேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமில்லை. எழுத்து உங்களுக்குத் தெரியும். சொற்கள் ஒட்டி வருகிற இடத்தில்தான் கண் தடுக்குகிறது. 'வந்துவிட்டதாகத்தெரிகிறது' என்று சேர்த்து அச்சிட்டிருந்தால் யாருக்கும் தடுக்கும். பென்சிலால் வந்து / விட்டதாக / தெரிகிறது என்று கோடு கிழித்துப் படியுங்கள். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கலாம். என்ன நடந்தது என்று முன்பே தெரிந்திருப்பதால் கண் சொல்லை ஊகித்துப் பிடிக்கும். தினம் 15 நிமிடம், வாய்விட்டு. மூன்று வாரம் கழித்துத் தலையங்கத்துக்குப் போங்கள். படித்ததும் தாளை மூடிவிட்டு ஐந்து வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனது எது என்று ஒப்பிட்டால், எங்கே கண் தாவியது என்பது தெரிந்துவிடும்.

வாலாஜாபேட்டை மாணவர்: ஆண்டு மலருக்கு வேலூர் பற்றி எழுதுகிறேன். 'சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு' என்று தொடங்கலாமா?

வேண்டாம். வேலூர் பற்றி வருகிற கட்டுரைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. பழசு என்பதைவிடப் பெரிய குறை, அது இப்போது உண்மையில்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் லிங்கம் மறுபடி வைத்தாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரையை மீறி ஓடியது. மிச்சம் இருப்பது கோட்டை ஒன்றுதான். ஓசை நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சரிபார்க்காமல் எடுத்தாளும் வரி, உள்ளூர்க்காரர் படித்த நொடியில் உங்கள் மொத்தக் கட்டுரையின் நம்பகத்தையும் கெடுத்துவிடும். கூடவே 'என்றால் அது மிகையாகாது' என்ற வாலையும் நறுக்குங்கள்.

ஆம்பூர் மாணவர்: நல்ல புத்தகம் நாலு சொல்லுங்கள் சார்.

குடியாத்தத்துக்குச் சொன்னதுதான்.

திருப்பத்தூர் மாணவி: சிறுகதையில் 'வந்துகினு', 'போய்கினு' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். நம் பேச்சு தப்பா?

தப்பில்லை. கட்டுரையில் 'கொண்டு', பாத்திரம் பேசும்போது 'கினு'. அவ்வளவுதான்.

ஆற்காடு மாணவர் (குறுக்கிட்டு): 'அவ்வளவுதான்' என்று எப்படி முடிக்கிறீர்கள்? சினிமாவில் 'கினு' பேசுகிறவர் ரவுடி, இல்லையென்றால் கோமாளி. கதை சொல்கிறவர் மட்டும் செந்தமிழ். நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள்.

நியாயமான அடி. என் பதில் குட்டையாகிவிட்டது. இரண்டைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று சொல், இன்னொன்று ஒலி. வட ஆற்காட்டில் 'கொல்லை' என்றால் பயிர் வைக்கும் நிலம். தஞ்சைப் பக்கம் வீட்டின் பின்புறம். தோல் பதனிடும் இடத்தை ஆம்பூரில் 'தோல் ஷாப்பு' என்பார்கள். 'மட்டும்' என்பதற்கு 'ஒண்டி'. இவையெல்லாம் சொற்கள். கதை சொல்கிறவர் வாயிலும் தாராளமாக வரட்டும். செய்யுளுக்கே திசைச்சொல்லை, அதாவது வட்டாரச் சொல்லை, தொல்காப்பியம் ஏற்றுக்கொண்டது. 'கினு' என்பது 'கொண்டு' தேய்ந்த ஒலி. ஒலியை எழுத்தில் பிடிப்பதில்தான் சிக்கல்: ஒரே பக்கத்தில் 'வந்துகினு', 'வந்துனு', 'வந்துகிட்டு' மூன்றும் வந்தால் பாத்திரம் மூன்று ஊர்க்காரராகிவிடும்.

திருப்பத்தூர் மாணவி: எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) வட ஆற்காட்டுக்காரர். அவர் பேச்சுத் தமிழில் எழுதவில்லையே?

இல்லை. ஆனால் அவர் உரைநடையின் பலம் சின்னச் சின்ன வாக்கியம். ஒரு மூச்சில் படித்துவிடலாம். அதைக் கற்றுக்கொள்ள 'கினு'வை விட வேண்டியதில்லை.

அரக்கோணம் மாணவர்: க், ச், த், ப் எங்கே போடுவது? குழப்பமாக இருக்கிறது.

90 விழுக்காடு குழப்பம் நாலு இடத்தில் தீரும் என்று சொல்ல ஆசைதான். விழுக்காட்டை நான் எண்ணியதில்லை. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி: மிகும். ஐ உருபு, கு உருபு: மிகும் (புத்தகத்தைப் படித்தான், வேலூருக்குப் போனான்). அது, இது, எது: மிகாது. 'படித்த பையன்', 'படிக்காத பையன்': மிகாது, ஆனால் 'த' கெட்டு 'படிக்காப் பையன்' என்றால் மிகும். குரலால் தட்டச்சு செய்தால் இந்த ஒற்றெல்லாம் கொட்டிவிடும். கடைசியில் ஒற்றுக்காகவே ஒருமுறை படியுங்கள்.

அணைக்கட்டு மாணவி: ஐந்து நிமிடப் பேச்சுப் போட்டி. எவ்வளவு எழுதுவது?

நிமிடத்துக்கு 90 சொல் என்று வைத்து 450. கைதட்டலுக்கு இடம்விட 400. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' உண்டு: கம்பீரமாகப் புறப்பட்டு, போகப் போக மெலிந்து சாவது. மேடையில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள், ஏனென்றால் முதல் நிமிடத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். கடைசி 60 சொல்லை முதலில் எழுதி, முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

பேரணாம்பட்டு மாணவர்: பருவத்தேர்வுக்கு முக்கிய வினாக்கள்?

உங்கள் துறை ஆசிரியரைக் கேளுங்கள்.

வாணியம்பாடி மாணவர்: ஆரம்பத்துக்கு எந்தப் புத்தகம்...

மேலே. குடியாத்தம்.

ஆற்காடு மாணவர்: சார், அப்போது கதை முழுக்க 'கினு'விலேயே சொன்னால்?

சொல்லலாம், சொல்கிறவர் கதைக்குள் இருக்கிற ஆளாக இருந்தால். முதல் பக்கத்திலேயே ஒரு வடிவத்தைப் பிடித்துக் கடைசிவரை விடாதீர்கள். முதல் இரண்டு பக்கத்தை அனுப்புங்கள். மூன்று ஊர் வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.