மெருயெம் வேண்டாம், இகால்கோவை எடுங்கள்

‘ஹண்டர் எக்ஸ் ஹண்டர்’ அனிமேயின் கிமேரா எறும்புப் பகுதியிலிருந்து, யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாத்திரத்தைப் பற்றிக் கல்லூரி அனிமே குழுவில் பேச வேண்டும் என்கிறீர்கள். எறும்புகளின் அரசன் மெருயெம், அவனோடு பலகை விளையாட்டு ஆடும் கொமுகி பற்றி எல்லாரும் பேசித் தீர்த்தாகிவிட்டது. என் ஓட்டு இகால்கோவுக்குத்தான்.

அரசி தின்ற உயிர்களின் சாயலோடு பிறக்கும் கிமேரா எறும்புகளில் ஒருவன், கணவாய் மீனாக இருக்க ஆசைப்படும் ஆக்டோபஸ். ஆக்டோபஸ் என்று கூப்பிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்! முதலில், கதையின் நாயகர்களில் ஒருவனான கில்லுவாவை மறைந்திருந்து சுடும் எதிரி. மாட்டிக்கொண்ட பிறகு எவ்வளவு மிரட்டியும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க மாட்டான். கில்லுவாவே அசந்துபோய் விட்டுவிடுவான். அப்புறம் அதே கில்லுவா ரத்தம் கொட்டிச் சாகக் கிடக்கும்போது காப்பாற்றுவது இவன்தான். இந்த இரண்டு காட்சிகளே உங்கள் பேச்சுக்குப் போதும். அரண்மனையில் நடப்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், இன்னும் பார்க்காதவர்கள் திட்டுவார்கள்.